சுவார்ட்ஸ் ஐயர்: உலக அலுவல்களுக்கு நடுவே வேதாகம வாழ்வு

கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ் (1726 – 1798) தமிழ்நாட்டில் 48 ஆண்டுகள் வாழ்ந்த ஜெர்மானிய லுத்தரன் இறைப்பணியாளர். தரங்கம்பாடி, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் ஆகிய ஊர்களில் பணியாற்றினார். தமிழ்க் கிறித்தவர்கள் இவரைச் 'சுவார்ட்ஸ் ஐயர்' என்று அழைத்தனர். திருச்சிராப்பள்ளித் தெப்பக்குளத்தின் அருகே உள்ள கிறிஸ்து ஆலயம் 1766இல் இவருடைய முயற்சியால் கட்டப்பட்டது.

இவருடைய வாழ்க்கை வரலாறு பல நூல்களில் விரிவாகக் கிடைக்கிறது. இக்கட்டுரை அதில் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. வேதாகமத்தின்படி நடக்க விரும்பும் ஒருவர், பணமும் பதவியும் படையும் ஆட்சி செய்யும் உலகத்தின் நடுவில் எப்படி வாழ்வது? சுவார்ட்ஸ் உலகத்தை விட்டு ஒதுங்கி மடத்தில் வாழ்ந்தவர் அல்லர். கம்பெனிப் படையின் குருவாகவும், மன்னர்களுக்கு ஆலோசகராகவும், ஒருமுறை அரசாங்கத் தூதராகவும் இருந்தார். அதனால் இந்தக் கேள்விக்கு அவருடைய வாழ்வில் விடை தேட இடம் இருக்கிறது. அவர் வெற்றி பெற்ற இடங்களும் தவறிய இடமும் நமக்குத் தெளிவாகத் தெரிகின்றன.

வேதாகமம் கூறுவது என்ன?

கிறித்தவ வேதாகமத்தில் 'உலகம்' என்னும் சொல் இரண்டு பொருளில் வருகிறது. ஒன்று, கடவுள் படைத்து நேசிக்கும் உலகம். மற்றொன்று, பொருளாசையும் பெருமையும் பொய்யும் நிறைந்த வாழ்க்கை முறை. யோவான் எழுதிய முதல் நிருபத்தின் 2ஆம் அதிகாரம் இந்த இரண்டாவது உலகத்தின் மேல் அன்பு வைக்க வேண்டாம் என்று எச்சரிக்கிறது. ரோமர் 12ஆம் அதிகாரத்தில் பவுல், காலத்தின் போக்குக்கு ஏற்பத் தங்களை வளைத்துக்கொள்ளாமல் மனம் புதிதாகி மாறும்படி விசுவாசிகளைக் கேட்டுக்கொள்கிறார்.

ஆனால் உலகத்தை விட்டு ஓடிப்போகும்படி வேதாகமம் சொல்லவில்லை. யோவான் நற்செய்தி 17ஆம் அதிகாரத்தில் இயேசு தம் சீடர்களுக்காக ஜெபிக்கும்போது, அவர்களை உலகத்திலிருந்து எடுத்துவிடும்படி கேட்கவில்லை. தீமையிலிருந்து காக்கும்படியே கேட்கிறார். மலைப்பிரசங்கத்தில் சீடர்களை உப்பு என்கிறார். உப்பு பாத்திரத்திலேயே இருந்தால் குழம்புக்குப் பயன் இல்லை. எரேமியா 29ஆம் அதிகாரம், சிறைப்பட்டுப் போன மக்கள் தாங்கள் வாழும் அந்நிய நகரத்தின் நலனையே நாட வேண்டும் என்கிறது.

ஆக, உள்ளே இருக்க வேண்டும், ஆனால் அதன் வழியில் போகக் கூடாது. சொல்வதற்கு எளிது. சம்பளம் வாங்கும் இடத்தில், கடை வைக்கும் இடத்தில், மேலதிகாரியின் முன்னால் இதைச் செய்வது எப்படி என்பதே கடினம்.

தொடக்க வாழ்வு

சுவார்ட்ஸ் 1726 அக்டோபரில் அன்றைய பிரஷ்ய நாட்டின் சோனன்பர்க் என்னும் ஊரில் பிறந்தார். இவ்வூர் இப்போது போலந்து நாட்டில் உள்ளது. சிறுவயதிலேயே தாயை இழந்தார். ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்தபோது, சென்னையில் பணியாற்றித் திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ட்சே தமிழ் வேதாகமத்தை அங்கே அச்சிடத் திட்டமிட்டிருந்தார். அந்த வேலைக்கு உதவுவதற்காகச் சுவார்ட்ஸ் தமிழ் கற்கத் தொடங்கினார். இப்படி இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே அவருக்குத் தமிழ் அறிமுகமாயிற்று.

1749இல் கோபன்ஹேகன் நகரில் குருப்பட்டம் பெற்று, 1750 ஜூலையில் டேனியரின் துறைமுகமான தரங்கம்பாடியை அடைந்தார். அவ்வாண்டு நவம்பரிலேயே தமிழில் முதல் பிரசங்கம் செய்தார். தமிழ் தவிர, பிற்காலத்தில் போர்த்துக்கீசியம், ஆங்கிலம், பாரசீகம், இந்துஸ்தானி, மராத்தி ஆகிய மொழிகளையும் கற்றார். நவாபின் ஆட்களோடு பேசப் பாரசீகம், தஞ்சை அரண்மனையில் பேச மராத்தி என்று, யாரோடு பேச வேண்டுமோ அவர்களுடைய மொழியைக் கற்பது அவருடைய வழக்கம்.

திருச்சிராப்பள்ளியில்

1762இல் சுவார்ட்ஸ் முதன்முறையாகத் திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். அப்போது இவ்வூர் ஒரு போர்முகாம் போலவே இருந்தது. மலைக்கோட்டையைச் சுற்றிய கோட்டைக்குள் ஆங்கிலேயக் கம்பெனியின் படை இருந்தது. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவும் இங்கே தங்குவது உண்டு. ஐரோப்பியப் படைவீரர் பலர் குடியிலும் சூதிலும் ஒழுக்கக்கேட்டிலும் மூழ்கியிருந்தனர். கிறித்தவர் என்று பெயர் பெற்றவர்களின் இந்த நடத்தையே கிறித்தவப் போதனைக்குப் பெரிய தடையாக இருந்தது.

இதைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றைச் சுவார்ட்ஸ் தம் குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். நட்டுவனார் ஒருவரும் அவரிடம் ஆட்டம் பயின்ற பெண் ஒருத்தியும் வழியில் அவரைச் சந்தித்தனர். பரிசுத்தம் இல்லாதவர் பரலோகம் சேர முடியாது என்று அவர் சொன்னார். அப்படியானால் ஐரோப்பியரில் அநேகமாக யாருமே அங்கே போக மாட்டார்களே என்று அந்தப் பெண் வருத்தத்துடன் கேட்டாளாம். போதனையைக் கேட்பவர்கள் முதலில் போதிப்பவனின் கூட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். சுவார்ட்ஸ் இதை மறைக்காமல் எழுதிவைத்தது குறிப்பிடத்தக்கது.

திருச்சியில் அவர் வாழ்ந்த விதத்தை வில்லியம் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் விவரித்திருக்கிறார். பழைய கட்டடம் ஒன்றில் ஒரு கட்டிலும் ஓர் ஆளும் கொள்ளும் அளவுக்கு ஒரு சிறிய அறை. கறுப்புச் சாயம் ஏற்றிய பருத்தித் துணியில் உடை. உள்ளூர் முறையில் சமைத்த சோறும் காய்கறியும். அக்காலத்தில் இந்தியாவுக்கு வந்த ஐரோப்பியர் பலர் சில ஆண்டுகளில் பெரும்பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அவர்கள் நடுவில் இப்படி ஒருவர் இருந்தது ஊராரின் கண்ணில் பட்டது.

அன்றாடப் பணியிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. காலையில் உபதேசியார்களைக் கூட்டி ஜெபம் செய்து, சுற்றியுள்ள ஊர்களுக்கு அனுப்புவார். மாலையில் அவர்கள் திரும்பியதும் யாரைப் பார்த்தார்கள், என்ன பேசினார்கள் என்று விவரம் கேட்பார். பிறகு மீண்டும் ஜெபம். ஆங்கிலப் படைவீரர்களுக்கு ஞாயிறு ஆராதனையும் நடத்தினார். தொடக்கத்தில் அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. அச்சிட்ட பிரசங்கங்களை வாசித்துக் காட்டினார். மொழி கைவந்த பிறகு தாமே பேசினார்.

கோட்டையின் தளபதி மேஜர் பிரெஸ்டன் முதலியோரின் உதவியுடன் கிறிஸ்து ஆலயம் கட்டப்பட்டு, 1766 மே 18ஆம் நாள் அர்ப்பணிக்கப்பட்டது. படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்காக அவர் தொடங்கிய பள்ளியே இன்றைய புனித யோவான் வெஸ்ட்ரி பள்ளியின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

கையில் வந்த பணம்

சுவார்ட்ஸ் வேதாகமத்தின்படி நடந்தாரா என்பதைப் பார்க்க முதல் உரைகல் பணமே. பணம் அவரிடம் வராமல் இல்லை, பலமுறை வந்தது. அப்போது அவர் என்ன செய்தார் என்பதே கேள்வி.

1764இல் யூசுப் கான் என்னும் மருதநாயகத்துக்கு எதிராக மதுரையை முற்றுகையிட்ட படையில் காயம்பட்டவர்களுக்குச் சுவார்ட்ஸ் பணிவிடை செய்தார். அதற்காக நவாப் அவருக்கு 300 வராகன் கொடுத்தார். அதை அவர் திருச்சியின் அநாதைப் பள்ளிக்குச் சேர்த்தார். பிற்பாடு சென்னை அரசாங்கம் அவரைப் படைக்குருவாக ஏற்று ஆண்டுக்கு 100 பவுன் சம்பளம் அளித்தது. அவர் அதில் பாதியைத் தமது சபையின் தேவைகளுக்குக் கொடுத்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது, அவர் பணத்தை எப்போதும் மறுக்கவில்லை என்பது. பணிக்குரிய கூலியை வாங்கினார். பள்ளிக்கும் ஆலயத்துக்கும் உதவி கேட்டார். ஆனால் தமக்கென்று வந்த பரிசு எதுவும் தம்மிடம் தங்க விடவில்லை. அது எங்கே போயிற்று என்பதையும் எல்லாரும் அறியச் செய்தார். அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரத்தில் பவுல் எபேசு சபையின் மூப்பர்களிடம் விடைபெறும்போது, ஒருவருடைய பொன்னுக்கும் வெள்ளிக்கும் தாம் ஆசைப்படவில்லை என்று சொல்கிறார். சாமுவேலும் முதுமையில் மக்கள் முன்னால் நின்று, யாரிடமாவது நான் லஞ்சம் வாங்கியது உண்டா என்று கேட்கிறார். சுவார்ட்ஸ் பின்பற்றியது இந்த மரபையே.

ஹைதர் அலியிடம் தூது

1778இல் சுவார்ட்ஸ் தஞ்சாவூருக்குக் குடிபெயர்ந்தார். திருச்சிப் பணியைப் பின்னர் கிறிஸ்டியன் போலே ஏற்று நடத்தினார். அடுத்த ஆண்டில் சென்னை ஆளுநர் சர் தாமஸ் ரம்போல்டு சுவார்ட்ஸை அழைத்து, மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலியிடம் தூது போகும்படி கேட்டார். கம்பெனி 1769இல் ஹைதரோடு செய்த உடன்படிக்கையைக் காப்பாற்றவில்லை. அதனால் அவர் கம்பெனி அதிகாரிகளை நம்பவில்லை. வேறு யாரை அனுப்பினாலும் ஏற்காத ஹைதர், இந்தப் பாதிரியார் வந்தால் பேசுவேன், அவர் ஏமாற்ற மாட்டார் என்று கூறியதாகச் சொல்லப்படுகிறது.

இறைப்பணியாளர் ஒருவர் அரசியல் தூது போகலாமா? சுவார்ட்ஸ் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஜெபித்து யோசிக்க நேரம் கேட்டார். போரையும் இரத்தம் சிந்துதலையும் தடுக்க உதவும் என்பதாலும், வழியெங்கும் நற்செய்தி சொல்ல வாய்ப்புக் கிடைக்கும் என்பதாலும் இசைந்தார். பரிசு எதையும் தொடாமல் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்வதாகவும் முடிவு செய்துகொண்டார்.

கரூர் வழியாகப் பயணம் செய்து ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடைந்தார். அங்கே ஹைதரின் படையில் இருந்த ஜெர்மானிய வீரர்களுக்கு ஆராதனை நடத்தினார். ஹைதர் அதைத் தடுக்கவில்லை. புறப்படும்போது வழிச்செலவுக்கென்று ஹைதர் 300 ரூபாய் கொடுத்தார். மறுத்தால் அவமதிப்பாகும் என்பதால் சுவார்ட்ஸ் பெற்றுக்கொண்டார். ஆனால் சென்னைக்கு வந்ததும் அதை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். அவரையே வைத்துக்கொள்ளும்படி அரசாங்கம் சொன்னபோது, அதைத் தஞ்சாவூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு முதல் தொகையாக்கினார். தூது சென்றதற்கு அரசாங்கம் வெகுமதி தர முன்வந்தது. அதையும் தமக்கு வேண்டாம் என்று சொல்லி, திருச்சியில் பணியாற்றிய போலேவுக்குத் தம்மைப்போல் சம்பளம் கொடுக்கும்படி கேட்டார்.

தூது பலன் தரவில்லை. 1780இல் ஹைதர் கர்நாடகப் பகுதியின்மேல் படையெடுத்தார். நேர்மையான மனிதர் ஒருவரின் நற்பெயரைக் கம்பெனி தன் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது என்று சொல்வதற்கு இடம் உண்டு. உலக அலுவலுக்குள் போகிற விசுவாசி இந்த ஆபத்தையும் சுமக்க வேண்டும். ஆனாலும் அவருடைய பெயர் கெடவில்லை. போரின் நடுவிலும் அந்தப் பாதிரியாரைத் தடையின்றிப் போகவிட வேண்டும் என்று ஹைதர் தம் படைத்தலைவர்களுக்குக் கட்டளையிட்டிருந்தார்.

வாக்கின் மதிப்பு

இரண்டாவது உரைகல் வாக்கு. மலைப்பிரசங்கத்தில் இயேசு, ஆணையிட வேண்டாம், ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று இருக்கட்டும் என்ற பொருளில் போதிக்கிறார். அந்தப் போதனையின் விலை தஞ்சாவூர் முற்றுகையின்போது தெரிந்தது.

போரால் வயல்கள் பாழாயின. பஞ்சம் வந்தது. கோட்டைக்குள் இருந்த மக்களும் படையும் பட்டினியில் தவித்தனர். சுற்றுப்புற ஊர்களில் தானியம் இருந்தது. ஆனால் அதைக் கொண்டுவர மாடுகள் இல்லை. முன்பு அரசாங்க ஆட்கள் தானியத்தையும் மாடுகளையும் வாங்கிக்கொண்டு பணம் கொடுக்காமல் ஏமாற்றியிருந்தபடியால், குடியானவர்கள் கோட்டைப் பக்கமே வர மறுத்தார்கள். மன்னரின் வாக்கையும் நம்பவில்லை. ஆங்கிலேயரின் வாக்கையும் நம்பவில்லை. கடைசியில் துளஜா மன்னர், நம்மில் யாருக்கும் மதிப்பு இல்லை, சுவார்ட்ஸின் பேச்சையாவது மக்கள் நம்புகிறார்களா பார்ப்போம் என்ற கருத்தில், பேரம் பேசும் அதிகாரத்தை அவரிடம் விட்டார்.

சுவார்ட்ஸ் ஊர்களுக்குச் சொல்லி அனுப்பினார். பணம் கொடுக்கப்படும், அதற்குத் தாமே பொறுப்பு என்றார். இரண்டு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. உபதேசியார்களும் மற்றக் கிறித்தவர்களும் உயிரைப் பணயம் வைத்து வெளியே போய், 80,000 கலம் தானியத்தைக் கோட்டைக்குள் கொண்டுவந்தார்கள். வேலை முடிந்ததும் சுவார்ட்ஸ் ஒவ்வொருவருக்கும் கூலி கொடுத்து, சிறு அன்பளிப்பும் தந்து அனுப்பினார்.

பஞ்சம் வருவதற்கு முன்பே, விலை மலிவாக இருந்த காலத்தில் அவர் தானியம் வாங்கிச் சேர்த்துவைத்திருந்தார். பஞ்ச காலத்தில் அதைக் கொண்டு தம் சபையாரையும் பிறரையும் காப்பாற்றினார். வாங்கி வைத்து விலை ஏறியதும் விற்பது வணிகரின் வழக்கம். அவர் அதே வேலையைச் செய்தார். நோக்கம் மட்டும் வேறு.

போருக்குப் பின் இன்னொரு நிகழ்ச்சி நடந்தது. அரண்மனை அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் தஞ்சை நாட்டுக் குடியானவர்கள் நிலத்தை விட்டுப் போய்விட்டார்கள். மன்னர் அழைத்தும் அவர்கள் வரவில்லை. சுவார்ட்ஸ் உறுதி கொடுத்தபின் ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்தார்கள். பருவம் தவறிவிட்டதே, விரைவாக உழுங்கள் என்று அவர் சொன்னபோது, இரவும் பகலும் உழைப்போம் என்றார்களாம்.

திரும்பி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கிறித்தவர் அல்லர். அவரை நம்புவதற்கு அவருடைய மதத்தை ஏற்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. பேதுருவின் முதல் நிருபம் 2ஆம் அதிகாரம், பிற மக்கள் உங்கள் நற்செயல்களைப் பார்க்கும்படி நடந்துகொள்ளுங்கள் என்று சொல்வது இதைத்தான்.

அதிகாரம் கையில் இருந்தபோது

துளஜா மன்னர் 1787இல் இறப்பதற்குச் சற்று முன், தாம் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியைச் சுவார்ட்ஸின் பாதுகாப்பில் ஒப்படைக்க விரும்பினார். ஓர் அரசின் வாரிசு கைக்குள் வருவது எவருக்கும் பெரிய சோதனை. சுவார்ட்ஸ் ஆட்சிப் பொறுப்பை ஏற்க மறுத்து, மன்னரின் சகோதரர் அமர்சிங்கிடம் அதை விடும்படி ஆலோசனை சொன்னார். அந்த ஆலோசனை நன்றாக முடியவில்லை. தத்து செல்லாது என்று முடிவாகி அமர்சிங்கே மன்னரானார். சிறுவன் சரபோஜி அரண்மனையில் துன்பப்பட்டார். சுவார்ட்ஸ் அவருக்காக அரசாங்கத்திடம் பலமுறை முறையிட்டார். 1793இல் சரபோஜி பாதுகாப்புக்காகச் சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். பிறகு தத்து செல்லும் என்று முடிவாகி, 1798இல் அரியணை ஏறினார்.

சரபோஜிக்குச் சுவார்ட்ஸ் ஆசிரியராகவும் தந்தையாகவும் இருந்தார். தம் விசுவாசத்தை அவரிடம் மறைக்கவில்லை. ஆனால் தம் பாதுகாப்பில் இருந்த பிள்ளை என்பதைப் பயன்படுத்தி மதம் மாற்றவும் முயலவில்லை. சரபோஜி கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்த அந்த மன்னரே, ஜான் பிளாக்ஸ்மன் என்னும் புகழ்பெற்ற சிற்பியைக் கொண்டு சுவார்ட்ஸுக்குப் பளிங்கு நினைவுச் சின்னம் அமைத்தார். சுவார்ட்ஸ் மரணப் படுக்கையில் இருக்கும் காட்சியும், மன்னர் அருகில் நிற்பதும் அதில் செதுக்கப்பட்டுள்ளன. தஞ்சைச் சிவகங்கைப் பூங்காவை அடுத்த ஆலயத்தில் இதை இன்றும் காணலாம்.

தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் தொடங்கிய ஆங்கிலப் பள்ளிகளிலும் இதே கொள்கை இருந்தது. மாணவரை வஞ்சகமான வழியில் மதம் மாற்றுவது கூடாது என்பதை அவர் வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டார்.

குளோரிந்தா: விதியும் பாரபட்சமும்

தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த மராட்டியப் பிராமண விதவை ஒருவர், ஆங்கில அதிகாரி ஒருவரோடு வாழ்ந்து, அவர் மூலம் கிறித்தவ போதனையை அறிந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். திருமணம் இல்லாமல் இருவரும் சேர்ந்து வாழ்வதே காரணம். அதிகாரி இறந்தபின், 1778இல் பாளையங்கோட்டையில் அந்தப் பெண் ஞானஸ்நானம் பெற்றுக் குளோரிந்தா ஆனார். அவர் கட்டிய ஆலயம் 1785இல் அர்ப்பணிக்கப்பட்டது. திருநெல்வேலிச் சபை அங்கிருந்து வளர்ந்தது.

ஆங்கில அதிகாரியின் வீட்டு விவகாரம் என்பதால் சுவார்ட்ஸ் விதியைத் தளர்த்தவில்லை. இது அவருடைய உறுதியைக் காட்டுகிறது. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. அந்த அதிகாரி கிறித்தவராகவே எண்ணப்பட்டு வாழ்ந்து இறந்தார். கதவுக்கு வெளியே காத்திருந்தது அந்தப் பெண்தான். ஒரே தவறுக்கு இருவரில் எளியவரே அதிக விலை கொடுத்தார் என்பதை இன்று வாசிப்பவர் கவனிக்காமல் இருக்க முடியாது.

தவறிய இடம்

சுவார்ட்ஸின் காலத்துச் சபைகளில் சாதி வேறுபாடு இருந்தது. ஆலயத்தில் வேளாளர் ஒரு பக்கமும், பறையர் என்று அழைக்கப்பட்டோர் வேறு பக்கமும் உட்கார்ந்தனர். திருவிருந்திலும் முன்பின் என்ற வரிசை இருந்தது. சுவார்ட்ஸுக்கு இதில் விருப்பம் இல்லை. ஆனால் கட்டாயப்படுத்தாமல், அறிவுரையாலும் காலத்தாலும் இது தானாக மறையும் என்று பொறுத்திருந்தார்.

அது மறையவில்லை. 1826இல் கல்கத்தா பேராயர் ரெஜினால்டு ஹீபர் தஞ்சை, திருச்சிக்கு வந்தபோதும் இது கேள்வியாகவே இருந்தது. ஹீபர் அவ்வாண்டு ஏப்ரல் 3ஆம் நாள் திருச்சியில் குளிக்கும்போது நீரில் மூழ்கி இறந்தார். புனித யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பின்னாளில் பேராயரான டேனியல் வில்சன் 1833இல் சபைகளில் சாதி வேறுபாட்டை உடனே முற்றிலும் ஒழிக்கும்படி கட்டளையிட்டார். தஞ்சையில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. சுவார்ட்ஸ் 12 வயதில் அழைத்துவந்து வளர்த்த புகழ்பெற்ற கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரும் எதிர்த்தவர்களில் ஒருவர்.

யாக்கோபு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரம், ஆலயத்தில் பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் கீழ் இடமும் கொடுப்பதைக் கண்டிக்கிறது. உட்காரும் இடத்தைப் பற்றி இதைவிடத் தெளிவான வசனம் இருக்க முடியாது. நவாபின் வராகனையும் ஹைதரின் ரூபாயையும் வேதாகம அளவுகோலால் அளந்தவர், தம் ஆலயத்துப் பாயை அதே அளவுகோலால் அளக்கவில்லை. வெளியே இருந்த உலகத்தை அவர் எளிதாக அடையாளம் கண்டார். ஆராதனைக்கு உள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்ட உலகம் அவருக்கு ஊர் வழக்கமாகத் தெரிந்தது.

இதனால் அவருடைய நேர்மை பொய்யாகிவிடாது. அவர் அனுப்பிய சத்தியநாதன் 1790இல் குருப்பட்டம் பெற்றார். தமிழர் தம் சபையைத் தாமே நடத்த வேண்டும் என்பதில் சுவார்ட்ஸுக்கு அக்கறை இருந்தது. ஆனாலும் அவர் பொறுத்துக்கொண்ட வழக்கத்தின் சுமையை அடுத்தடுத்த தலைமுறைகளில் ஒடுக்கப்பட்ட கிறித்தவர்கள் சுமந்தார்கள் என்பதும் உண்மை.

கணக்குக் காட்டுதல்

1793இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் கம்பெனியின் சாசனம் பற்றிய விவாதம் நடந்தது. மான்ட்கோமரி கேம்பெல் என்னும் உறுப்பினர், இந்தியக் கிறித்தவர்களையும் இறைப்பணியாளர்களையும் இழிவாகப் பேசினார். செய்தித்தாளில் அதைப் படித்த சுவார்ட்ஸ், 1794இல் தம்மை ஆதரித்த இங்கிலாந்துச் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தஞ்சைக் கோட்டைக்குத் தானியம் வந்த கதையும், 7,000 பேர் திரும்பிய கதையும் அந்தக் கடிதத்தால்தான் பரவலாகத் தெரியவந்தன. அதற்குமுன் அவர் இவற்றைப் பறைசாற்றிக்கொள்ளவில்லை. தம் சபையார் மீது பழி வந்தபோது மட்டும் கணக்கைத் திறந்து காட்டினார்.

1798 பிப்ரவரி 13ஆம் நாள் தஞ்சாவூரில் இறந்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்மிடம் இருந்த பொருளை இறைப்பணிக்கும் ஏழைகளுக்கும் எழுதிவைத்தார். அவருடைய உடல் தஞ்சைப் புனித பேதுரு ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

இன்றைய பொருத்தம்

சுவார்ட்ஸின் வாழ்விலிருந்து பொதுவாக மூன்று வழிமுறைகளைத் தொகுக்கலாம்.

ஒன்று, பணம் பற்றி முன்கூட்டியே முடிவு செய்வது. ஹைதரிடம் போவதற்கு முன்பே பரிசு பற்றி அவர் முடிவு செய்துவிட்டார். பணத்தை நீட்டும்போது யோசிப்பவன் பெரும்பாலும் வாங்கிவிடுவான்.

இரண்டு, கொடுத்த வாக்கைச் சிறிய காரியத்திலும் காப்பாற்றுவது. மாட்டுக்காரரின் கூலி கடைசிக் காசுவரை கொடுக்கப்பட்டது. அதனால்தான் அடுத்த முறையும் அவர்கள் நம்பினார்கள்.

மூன்று, அவர் செய்யத் தவறியது. வேதாகமத்தின் அளவுகோலை வெளியில் இருப்பவர்மேல் வைப்பதற்கு முன் சபையின் உள்ளே வைப்பது.

திருச்சியில் பொன்மலை இரயில்வே பணிமனையில் தொடங்கி அலுவலகம், கடை, பள்ளி என எங்கும் வேலை செய்யும் கிறித்தவக் குடும்பங்களுக்கு இந்தச் சோதனைகள் புதியவை அல்ல. வருகைப் பதிவேடு, சரக்கின் எடை, கமிஷன், சிபாரிசு, மாணவர் சேர்க்கை என்று பெயர்தான் மாறுகிறது. மூன்றாவது சோதனையும் மறையவில்லை. திருமணப் பேச்சு வந்ததும் முதல் கேள்வியாகச் சாதியைக் கேட்கும் வீடுகளிலும், சாதிவாரியாகச் சுவர் வைத்த கல்லறைத் தோட்டங்களிலும் அது இன்னும் இருக்கிறது.

தெப்பக்குளத்தின் அருகே உள்ள கிறிஸ்து ஆலயத்தில் 250 ஆண்டுகளுக்கு மேலாக ஆராதனை நடந்துவருகிறது. பள்ளி மாணவர்களை மலைக்கோட்டைக்கு அழைத்து வருபவர்கள் இந்த ஆலயத்தையும் காட்டலாம். நவாபின் பணம் அநாதைப் பிள்ளைகளின் படிப்புக்குப் போன வரலாற்றையும், அதே காலத்து ஆலயங்களில் யார் எந்தப் பக்கம் உட்கார வைக்கப்பட்டார்கள் என்ற வரலாற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.